மகாவலி கங்கையின் எழில்மிகு காட்சி

வெள்ளவத்தை
02.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீங்கள் எப்படி, அம்மாவின் முழங்கால் எப்படி என்று எழுதுங்கள்.

போனில் பேசினால் நம் ஒற்றை அறை வீட்டில் அம்மாவும் பக்கத்து வீடும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள், மின்னஞ்சலில் கடிதமாக எழுது, காதில் மாட்டிக்கொண்டு நான் மட்டும் கேட்பேன் என்றீர்கள். இதோ எழுதுகிறேன். உங்கள் போன் இதை எந்தக் குரலில் வாசிக்கிறதோ தெரியவில்லை. என் குரலைவிட நன்றாகத்தான் இருக்கும்.

எங்கள் கம்பனிக்கு ஒரு அரச வேலை கிடைத்திருக்கிறது. குண்டசாலையில் மகாவலிக்கரை நீர்ச் சேவைச் சபை இருக்கிறதல்லவா, அவர்களுடைய இணையதளத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி திருத்த வேண்டும். பில், முறைப்பாடு, அறிவித்தல் எல்லாவற்றையும் கண் தெரியாதவர்கள் தாங்களாகவே கேட்டு அறியலாம். எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான சுதேஷ் அண்ணா வேலை முழுவதையும் என்னிடம் தந்துவிட்டார். வீட்டில் உங்களைப் பார்த்து வளர்ந்ததால்தான் இந்த வேலை எனக்குப் புரிகிறது.

மார்ச்சில் திறப்பு விழா. கண் தெரியாத ஒருவர் மேடையில் தளத்தை இயக்கிக் காட்ட வேண்டுமாம். உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். ஒன்று மட்டும், அக்கா. அங்கே நாம் அக்கா, தம்பி என்று காட்டிக்கொள்ள வேண்டாம். சோதித்துப் பார்ப்பவர் வெளியாளாக இருக்க வேண்டும் என்று சபையோடு செய்த கொந்தராத்து ஒப்பந்தத்தில் இருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

பாசமுடன்
தினுஷன்


மஹய்யாவ
05.02.2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் மழைக்கும் வலிக்கிறது, வெயிலுக்கும் வலிக்கிறது. உன் கடிதத்தை வாசித்தது ஒரு பெண் குரல். அவளுக்குக் கோபம் வராது, அழுகை வராது. நீ பொய் எழுதினாலும் அதே தொனியில்தான் வாசிப்பாள்.

உன் வேலை பற்றிக் கேட்டுச் சந்தோசப்பட்டேன். வெளியாளாக வருவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வேலை செய்கிற கந்தோரில் ஊர் எது என்று கேட்டால் நீ மஹய்யாவ என்று சொல்வதில்லை, கண்டி டவுன் என்கிறாய் என்பது எனக்குத் தெரியும். இங்கே எல்லாரையும்போல அப்பா வீரய்யாவும் சாகும்வரை அந்த டவுனின் தெருவைத்தான் கூட்டினார். ஆகவே அதையும் பொய் என்று சொல்ல முடியாது.

ஆனால் வெளியாள் என்றால் உண்மையாகவே சோதிக்க வேண்டும். லிங்கை இப்போதே அனுப்பு. எது வாசிக்கிறது, எது வாசிக்கவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதித் தருகிறேன். எனக்குச் சும்மா இருக்கிற நேரம்தான் அதிகம். தொலைபேசி இயக்குனர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறேன். போகிற இடமெல்லாம் "நாங்க அறிவிப்போம்" என்கிறார்கள். அறிவிப்பதில்லை.

அந்தச் சபையின் வேலை வெற்றிடங்களும் இந்தத் தளத்தில்தான் வருமா? வருமென்றால் இனி ரிப்காவின் போட்டோ கொப்பிக் கடையில் போய் "இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்று நிற்க வேண்டியதில்லை. அவள் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. ஆனால் கேட்கிறவள் நான்.

கவனமாக இரு. லிங்கை மறக்காதே.

உன் அக்கா
கஜனி


வெள்ளவத்தை
04.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

லிங்க் இன்னும் தயாரில்லை. ஆனால் கவலை வேண்டாம். தளத்தைச் சோதிக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. பிழை இருந்தால் சிவப்பு, சரியென்றால் பச்சை. இப்போது எல்லாம் பச்சை.

விழா 14ஆம் திகதி காலை. சபையின் வாகனம் டவுனுக்கு வரும். மஹய்யாவக்குள் வர வேண்டாம், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் போதும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

இன்னொன்று. கறுப்புக் கண்ணாடி போட்டு வர முடியுமா? நீங்கள் போடுவதில்லை என்று தெரியும். போட்டோவுக்காகச் சுதேஷ் அண்ணா கேட்கிறார்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தினுஷன்


மஹய்யாவ
16.03.2025

அன்புத் தம்பிக்கு,

விழா முடிந்து நல்லபடியாகக் கொழும்பு போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே எல்லாரும் சுகம்.

கறுப்புக் கண்ணாடி ரிப்காவின் அண்ணன், அவளுடைய நானாவுடையது. மூக்கில் பதிந்த தடம் இன்னும் போகவில்லை. சபைத் தலைவர் சிங்களத்தில் நீண்ட நேரம் பேசினார். "இந்த மக்கள்", "இந்த மக்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரைச் சொல்கிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பிறகு ஒருவர் என் விரலைப் பிடித்து விசைப்பலகையில் வைத்தார், அரிசியில் அகரம் எழுதப் பழக்குகிற மாதிரி. பதினைந்து வருடமாக அதில் எழுதுகிறவள் நான். அழுத்தினேன். குரல் பேசியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

நல்ல குரல். என் போன்காரி மாதிரி அவசரப்படவில்லை. ஒரு இடத்தில் மூச்சுக்கூட வாங்கியது.

நீ என்னிடம் "மிஸ், இந்தப் பக்கம் வாங்க, படி இருக்கு" என்றாய். மரியாதையாகவே சொன்னாய். படியும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "தம்பி மெலிஞ்சிருக்கானா? என்ன சொன்னான்?" என்று கேட்டார். கூட்டமாக இருந்தது, பேச முடியவில்லை என்றேன். அங்கே கொடுத்த கட்லட் இரண்டைக் கைக்குட்டையில் மடித்து எடுத்து வந்திருந்தேன். தம்பி கொடுத்துவிட்டான் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மற்றதை நீ வருவாய் என்று வைத்திருந்தார். மறுநாள் எறும்பு வந்துவிட்டது.

லிங்க் தயாரானதும் அனுப்பு.

கஜனி


வெள்ளவத்தை
27.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வருடப் பிறப்புக்கு வர முடியவில்லை, மன்னியுங்கள். நீங்களும் அம்மாவும் புது வருடத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு சேலை பார்சலில் வருகிறது.

இங்கே வேலை தலைக்கு மேல். அந்த விழாவைப் பார்த்துவிட்டு இன்னும் மூன்று அரச நிறுவனங்கள் எங்களிடம் வந்திருக்கின்றன. எனக்குப் பதவி உயர்வும் தந்திருக்கிறார்கள். சபைக்குக் கொடுத்த அறிக்கையில் சோதித்தவர் என்று உங்கள் பெயரைத்தான் போட்டிருக்கிறோம். உங்களுக்கும் ஒரு பெருமைதானே.

தளத்தை எல்லாருக்கும் இப்போதுதான் திறந்தார்கள், லிங்கைக் கீழே தந்திருக்கிறேன். ஓய்வாகப் பாருங்கள். அவசரமில்லை.

தினுஷன்


மஹய்யாவ
04.06.2025

தம்பிக்கு,

சேலை கிடைத்தது. நிறம் நன்றாக இருக்கிறது என்று அம்மா சொன்னார். சுகமாக இருக்கிறாயா?

உன் தளத்தைப் பார்த்தேன். மே மாதம் முழுக்கப் பார்த்தேன். பில் பக்கம் வாசிக்கிறது, குறை சொல்ல மாட்டேன். அறிவித்தல் பக்கத்துக்குப் போனால் என் போன்காரி இப்படி வாசித்தாள்: "படம். மகாவலி கங்கையின் எழில்மிகு காட்சி." அடுத்ததற்குப் போனேன். "படம். மகாவலி கங்கையின் எழில்மிகு காட்சி." அதற்கடுத்ததும் அதுவே. பக்கம் முடியும்வரை கங்கைதான். தண்ணீர் கொடுக்கிற சபைதானே, ஆற்றின் படங்களை ஆசையாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடமும் சொன்னேன். "நம்ம வீட்டுக் குழாயில வராத தண்ணி அங்க வருதாக்கும்" என்றார்.

நேற்று ரிப்காவின் கடைக்குப் போட்டோ கொப்பி எடுக்கப் போனேன். "சபை வேலைக்கு அனுப்பினீங்களா? நான் அத மறந்தே போனேன். நெட்ல பெருசா போட்டு ஈந்திச்சே, நீங்க பாக்கல்லயா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கொப்பி மெஷினின் மூடியைத் திறந்து மூடினாள். எந்த வேலை என்று நான்தான் இழுத்துக் கேட்டேன்.

தொலைபேசி இயக்குனர். ஒரு இடம். மாற்றுத்திறனாளிக்கு ஒதுக்கியது. விண்ணப்ப முடிவு மே 30. நான் மே மாதம் முழுக்க அந்த அறிவித்தலின்மேல் விரலை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அது எனக்கு ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தது.

இது எப்படி நடந்தது என்று மட்டும் எழுது.

கஜனி


வெள்ளவத்தை
05.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கவும் வாய் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கையொப்பமும் இறப்பர் முத்திரையும் இல்லாத ஒன்றை அறிவித்தல் என்றே சபையில் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் தாளில் அடித்து, கையொப்பம் வைத்து, முத்திரை குத்தி, அந்தத் தாளைப் போட்டோ பிடித்துத் தளத்தில் போடுவார்கள். எழுத்தாகத் தாருங்கள் என்று இரண்டு தடவை கேட்டேன். "முத்திரை இல்லாட்டி யார் நம்புறது?" என்றார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று பின்னால் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியைத்தான் உங்கள் போன் வாசிக்கும். வரி இல்லாவிட்டால் சோதிக்கும் மென்பொருள் சிவப்புக் காட்டும். முதல் பக்கத்தில் ஆற்றின் படம் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு வரி எழுதியிருந்தேன். விழாவுக்கு நேரமில்லை. அதே வரியை எல்லாவற்றுக்கும் ஒட்டினேன். பச்சை வந்துவிட்டது. புதிதாக வருகிற படங்களுக்கும் அதுவே தானாக விழும்படி விட்டுவிட்டேன்.

பிறகு திருத்தலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

ஒரு வழி இருக்கிறது. நீங்கள் நேரே சபைக்குப் போய்க் கேளுங்கள். திகதி முடிந்தாலும் எடுப்பார்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம். சொன்னால் இரண்டு பேருக்கும் சிக்கல்.

தினுஷன்


மஹய்யாவ
20.06.2025

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நீ சொன்னபடி குண்டசாலைக்குப் போனேன். ரிப்கா கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தாள்.

நிர்வாக உத்தியோகத்தர் தமிழிலேயே பேசினார். நல்ல மனிதர்தான், அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எங்களுக்கு உட்காரக் கதிரை போடச் சொன்னார். விசயத்தைச் சொன்னேன்.

"அது எப்படி மிஸ்? எங்கட சைட் பார்வையில்லாத ஆக்களுக்கும் சரி தானே."

"எனக்கு வாசிக்கல்ல சேர்."

"மிஸ் தானே அன்னைக்கு மேடையில அழுத்திக் காட்டினது? ரிப்போட்லயும் மிஸ்ஸுட பேர் தானே இருக்கு. சோதிச்சுச் சரின்னு சொன்னதும் மிஸ். இப்ப வாசிக்கல்லன்னு சொல்றதும் மிஸ். நான் மேல என்னன்னு எழுதுறது?"

ரிப்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அவர் இன்னொன்றும் சொன்னார். அந்த இடத்துக்கு ஒரு விண்ணப்பமும் வரவில்லையாம். "இந்த ஆக்களுக்கு வேலை ஒதுக்கினாலும் வர மாட்டாங்க" என்று தலைவர் வருத்தப்பட்டாராம். ஜூலை நடுவில் அதைச் சாதாரண வெற்றிடமாக மாற்றி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். வேலையைப் பூட்டி வைத்துவிட்டு, யாரும் கதவைத் தட்டவில்லை என்று வருத்தப்படுகிறார்கள்.

வெளியே வரும்போது முன்மேசையில் இருக்கிற ஹுஸைன் என்பவர் மெல்லக் கூப்பிட்டார். "மிஸ், கோவிக்காதீங்க. ஒங்கட போட்டோ இங்க தான் ஈக்கி. எனக்கு மேல, சுவர்ல. கறுப்புக் கண்ணாடியோட. தெரியுமா?"

தெரியாது. உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒரு கடிதம் வேண்டும். சபைக்கு எழுது. மேடையில் மூச்சு வாங்கிப் பேசியது பதிவுசெய்த குரல், நான் தளத்தைச் சோதிக்கவே இல்லை, படங்களுக்கு அந்த வரியை ஒட்டியது நீ. கையொப்பம் வைத்து ஜூலை நடுவுக்கு முன் அனுப்பு. அவர்கள் கையொப்பத்தைத்தானே நம்புகிறார்கள்.

கஜனி வீரய்யா


மஹய்யாவ
06.07.2025

தம்பி நல்லாயிருக்கியா நான் அம்மா பேசுறேன் ரிப்கா போன வாய்கிட்ட புடிச்சிருக்கா நான் பேசப் பேச அது எழுதுதாம். அக்காவுக்குத் தெரியாது. ஒங் கடுதாசி வந்திருக்கான்னு அக்கா காதுல மாட்டி மாட்டிக் கழட்டுறா. கேட்டா வானிலை கேக்குறேங்குறா. நான் என்ன சின்னப் புள்ளையா. பெரிய மனுசங்க முன்னால அக்காவ யாரோன்னு நின்னியாம். ரிப்கா சொல்லல நானே பாத்துக்கிட்டேன் பேப்பர்ல வந்த விழாப் படத்துல நீயும் நிக்குற அக்காவும் நிக்குறா நடுவுல ஒரு ஆள் போற எடம் இருக்கு. ஒங்கப்பா சாக்கடக் கான் கழுவுன கையோட ஒன் இஸ்கூலுக்கு வந்தாரு. நீ ஓடியாந்து அந்தக் கையப் புடிச்ச. எல்லாப் புள்ளையும் பாத்துச்சு. அப்ப ஒனக்கு வெக்கம் இல்ல. அது எப்ப வந்துச்சு தம்பி. ஒடம்பப் பாத்துக்க. கால் வலிக்குது ஒக்காந்துக்குறேன். ரிப்கா போதும்மா இத அனுப்பிரு.


வெள்ளவத்தை
12.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கேட்டதை இணைத்திருக்கிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தினுஷன்


மஹய்யாவ
21.07.2025

அன்புத் தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மா உனக்கு எழுதினது எனக்குத் தெரியும். நம் வீட்டில் எதுவும் இரகசியமில்லை.

உன் இணைப்பைத் தொட்டேன். "படம்" என்றாள் போன்காரி. மறுபடி தொட்டேன். "படம்." அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையொப்பம் வைத்து, சமாதான நீதவானிடம் முத்திரையும் வாங்கி, அதைப் போட்டோ பிடித்து எனக்கே அனுப்பியிருக்கிறாய். கொஞ்ச நேரம் சிரித்தேன். அம்மா பயந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் ரிப்காவின் கடைக்குப் போனேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். போகட்டும், பிறகு வருகிறேன் என்று திரும்பப் பார்த்தேன். பிறகு எதற்காகத் திரும்ப வேண்டும் என்று தோன்றியது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசி என்றேன். வாசித்தாள். மேடையில் கேட்டது உங்கள் கந்தோரில் வேலை செய்கிற தனுஜாவின் பதிவுசெய்த குரல் என்று எழுதியிருந்தாய். நான் சோதிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். ஆற்றின் வரியையும் எழுதியிருந்தாய். கடைசியில், "செல்வி கஜனி வீரய்யா எனது உடன்பிறந்த அக்கா. இதனை அன்றைய தினம் நான் மறைத்தேன்." அந்த வரியை ரிப்கா இரண்டு தடவை வாசித்தாள். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "அதான் இந்தத் தெருவுக்கே தெரியுமே, மேல வாசிம்மா" என்றார். மேலே ஒன்றும் இல்லை. உன் கையொப்பம்தான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னை நினைத்து மட்டும் இல்லை. அந்தக் குரல் மூச்சு வாங்கியபோதே அது மனிசக் குரல் என்று எனக்குத் தெரியும். ஒலிவாங்கி என் முன்னால்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ பக்கத்தில் நிற்கிறாய் என்று பேசாமல் இருந்தேன். அவர்கள் கை தட்டும்போது சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

கடிதத்தை அச்செடுத்து 14ஆம் திகதியே குண்டசாலையில் கொடுத்தாயிற்று. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தித் தந்தார்கள். வேலையைச் சாதாரண வெற்றிடமாக மாற்றுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. போட்டோவை மட்டும் உடனே கழற்றிவிட்டார்கள். ஆணி இருக்கிறதாம், சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறதாம், ஹுஸைன் சொன்னார்.

உன் கந்தோரில் உன்னை என்ன செய்தார்கள் என்று நீயாகச் சொல்லும்வரை கேட்க மாட்டேன். இனி படம் அனுப்பாதே. அந்தக் கடிதத்தை எழுத்தாக ஒருமுறை அனுப்பு. கடைக்குப் போகாமல் நானே கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் ஐந்தாம் திகதி விசாரணை. உன்னையும் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரஹர ஊர்வல நேரம், பின்னேரத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், ஆகவே முதல் நாளே வீட்டுக்கு வந்துவிடு. காலையில் மஹய்யாவவிலிருந்தே பஸ் ஏறிப் போவோம். நான் கறுப்புக் கண்ணாடி போடப் போவதில்லை.

முன்மேசையில் ஹுஸைன் வருகிற ஒவ்வொருவரையும் யார் என்று கேட்டு எழுதிக்கொள்வார். என்னை அவருக்குத் தெரியும். உன்னைப் பார்த்து, "மிஸ்ஸோட வந்திருக்கிறது ஆரு?" என்று கேட்பார். சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள்.

உனக்காக நான் பதில் சொல்ல மாட்டேன்.

அக்கா